குளம்பைப் பார்த்து வாங்கிய குதிரை

குதிரை வந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தால் லாடக்காரர் இப்போதும் வலது முன்குளம்பிலிருந்துதான் ஆரம்பிப்பார். அதன் வடிவம், நிறம், ஓரத்தின் தேய்மானம் என்று நிதானமாக ஒவ்வொன்றாகச் சொல்வார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மனைவி குறுக்கே வருவாள்: "அதுக்கு மேலயும் ஒரு குதிரை இருந்துச்சுங்க."

அது முப்பது வருஷத்துக்கு முந்திய சங்கதி. அப்போது அவருக்கு நாற்பத்து நாலு வயது. இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்களின் குதிரைகளுக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தார். சவாரிப் பள்ளியில் பதினாறு, வண்டிக் கொட்டகையில் ஒன்பது. எல்லாவற்றையும் அவருக்குத் தெரியும், முழங்காலுக்குக் கீழே. தலைக்கயிற்றை எப்போதும் வேறு யாராவது பிடித்துக்கொண்டிருப்பார்கள். இவர் குனிந்தபடி, குளம்பைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு, வாயில் ஆணிகளோடு இருப்பார். வாயில் ஆணி வைத்திருக்கிறவன் பேச முடியாது. அந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

தனக்கென்று ஒரு குதிரை வேண்டும் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவிதான் கண்டுபிடித்தாள். வீட்டின் பின்னால் இருந்த தகரக் கொட்டகையை ஒரே வருஷத்தில் மூன்றாவது தடவையாக அவர் ஒழித்துப் பெருக்கியபோது, "சரி, எப்ப வருது?" என்று கேட்டாள்.

உள்ளூரில் வாங்க அவருக்கு மனசு வரவில்லை. விலைக்கு வந்த எல்லாக் குதிரைகளின் காலையும் அவர் தூக்கிப் பார்த்திருந்தார். ஒன்றின் குளம்பு கோடையில் வெடிக்கும். இன்னொன்றில் ஆணி நிற்காது. லாரி மெக்கானிக்கான மைத்துனன் இதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "டாக்டர் ஒருத்தர் பொண்ணு பாக்கப் போன மாதிரி இருக்கு மாமா. உங்களுக்கு இந்த ஊர்ல அமையாது."

அமையவில்லைதான். எல்லைக்கு அப்பால் மலைப்பக்கம் வளரும் குதிரை ஒன்றுக்கு அவர் முன்பு ஒரு தடவை லாடம் அடித்திருந்தார். கருங்கல் மாதிரி குளம்பு. அப்படிப்பட்ட குதிரைகளை வளர்க்கிறவரின் விலாசத்தைத் தேடிப் பிடித்தார். அந்த நாட்டு மொழி மனைவிக்குத் தெரியும். பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள், மதிய இடைவேளையில் அங்கேயே கடிதங்களை அடித்தாள்.

அவர் கேட்டதெல்லாம் படங்கள். ஒவ்வொரு குளம்புக்கும் முன்னால், பின்னால், இரண்டு பக்கம், அடிப்பக்கம், மேலிருந்து என்று ஆறு. அளவு தெரிய ஒரு தீப்பெட்டியைப் பக்கத்தில் வைக்க வேண்டும். இருபத்து நாலு படங்கள் தடித்த உறையில் வந்து சேர்ந்தன. அவற்றைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு வாரம் பார்த்தார். தட்டு வைக்க இடமில்லாமல் இருவரும் அடுப்படியில் நின்றே சாப்பிட்டார்கள்.

"முகத்தையும் ஒண்ணு எடுத்து அனுப்பச் சொல்லட்டுமா?" என்றாள்.

"முகத்தை வச்சு என்ன பண்றது? நடக்கறது காலு."

வலது முன்குளம்பின் வெளி ஓரம் மட்டும் சற்றுக் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. மலைச்சரிவில் ஒரே பக்கமாக நடந்த பழக்கம் என்று கணக்குப் போட்டார். லாடத்தில் சரிசெய்துவிடலாம். வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதச் சொன்னார்.

ஒரு காலை நேரத்தில் வண்டி வந்தது. தெரு குறுகலானதால் பிரதான சாலையிலேயே நின்றுவிட்டது. எல்லைக்கு இந்தப் பக்கத்து ஆளான ஓட்டுநர் அவசரத்தில் இருந்தார். "அரை மணி நேரம் பாருங்க. பிடிச்சிருந்தா கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா இதே வண்டியில திருப்பி ஏத்திடுவேன். அப்படித்தான் பேச்சு."

பழுப்புக் குதிரை பலகைச் சரிவில் தயங்கித் தயங்கி இறங்கியது. லாடக்காரர் நேரே இடது முன்காலுக்குப் போய்க் குனிந்தார். கை பட்டதும் குதிரை துள்ளி விலகியது. பயணக் களைப்பு என்று நினைத்து, தோளிலிருந்து மெல்லத் தடவிக்கொண்டே வந்தார். கால் தானாக மேலே வந்தது. நாலையும் பார்த்து முடித்தபோது அவர் முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. "படத்துல இருந்தது அப்படியே!"

"மாமா, தலைன்னு ஒண்ணு இருக்கு. ஒரு மரியாதைக்காவது பாருங்க" என்றான் உதவிக்கு வந்திருந்த மைத்துனன்.

மனைவி ஒரு கேரட்டை நீட்டிக்கொண்டு இடப்பக்கம் நின்றிருந்தாள். குதிரை திரும்பவே இல்லை. கையை ஆட்டினாள். இமைகூட அசையவில்லை.

"ஏங்க, இது என்னைப் பாக்கலைங்க."

அவர் நிமிர்ந்து வந்து பார்த்தார். இடது கண், பால் ஊற்றிய மாதிரி வெளுத்திருந்தது.

ஓட்டுநர் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். மனைவி வாசித்துச் சொன்னாள். குட்டியிலிருந்தே இடது கண் தெரியாது. குளம்பைத் தவிர எதையும் நீங்கள் கேட்காததால், கண்ணைப் பற்றி உங்களுக்குக் கவலையில்லை என்று எடுத்துக்கொண்டேன் என்று குதிரை வளர்த்தவர் எழுதியிருந்தார்.

மைத்துனன் சிரிக்க வாயெடுத்து, அக்காவின் பார்வையில் அடங்கினான்.

லாடக்காரருக்கு அப்போதுதான் அந்தத் தேய்மானம் புரிந்தது. மலைச்சரிவெல்லாம் இல்லை. தெரிகிற வலது கண்ணால் இரண்டு பக்கத்தையும் பார்க்கக் கழுத்தை இடப்பக்கமே திருப்பித் திருப்பி நடந்ததில் பாரம் வலது முன்காலின் வெளி ஓரத்தில் விழுந்திருக்கிறது. குளம்பு அவரிடம் சொல்லித்தான் இருந்தது. அவர்தான் தப்பாகப் படித்துவிட்டார். இருபத்திரண்டு வருஷ வேலையில் இது சுருக்கென்று தைத்தது.

"ஏத்திடவா?" என்றார் ஓட்டுநர்.

திருப்பி அனுப்பினால் இன்னொரு குதிரை வராது என்று அவருக்குத் தெரியும். இந்தத் துணிச்சல் இன்னொரு தடவை கூடிவராது. வைத்துக்கொண்டால் நாளைக்குச் சவாரிப் பள்ளி முழுக்கச் சிரிக்கும்.

"கொஞ்சம் நடத்திக் காட்டு" என்று மைத்துனனிடம் சொல்லிவிட்டு, ஓரமாக நின்று கண்ணை மூடிக்கொண்டார். தார்ச்சாலையில் குதிரை அந்தப் பக்கம் போயிற்று, இந்தப் பக்கம் வந்தது. நாலு அடியும் ஒரே சத்தம். ஒன்று கூடவுமில்லை, ஒன்று குறையவுமில்லை.

மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். "பிடிச்சிருக்கா?"

"காலு பிடிச்சிருக்கு."

"மீதி?"

"தெரியல. கால் மட்டுந்தானே எனக்குத் தெரியும்." கண்ணைத் திறந்து, "எல்லாரும் சிரிப்பாங்க" என்றார்.

"சிரிக்கட்டும். நானும் சிரிக்கத்தான் போறேன். அதுக்காகத் திருப்பி அனுப்பிடுவீங்களா?"

அவர் கையெழுத்துப் போட்டார். வண்டி போய்விட்டது.

கொட்டகைக்கு அரை மைல். தலைக்கயிற்றைப் பிடித்துக் குதிரையை நடத்துவது அவருக்கு அதுதான் முதல் தடவை. எந்தத் தோளுக்கு நேராக நடக்க வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. வலப்பக்கம் அவர் பிடித்துக்கொண்டார். தெரியாத பக்கத்தில் மனைவி, கழுத்தில் கை வைத்துக்கொண்டு நடந்தாள். அடைத்த கடைகளும் புது மாடிகளுமாக இப்போது அடையாளம் தெரியாத அந்தத் தெருவை, அன்று அவள் குதிரைக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். "இது தபால் பெட்டி. சும்மா நிக்குது. இது சலவைக்கடை, புஸ்ஸுன்னு ஆவி வரும், பயப்படாதே. இது குழாய், ஒழுகும்." லாடக்காரர் குனியாமல், நிமிர்ந்து, அந்தத் தெருவைக் குதிரையோடு சேர்ந்து கேட்டுக்கொண்டு வந்தார்.

சலவைக்கடை தாண்டியதும் ரொட்டிக்காரனின் சைக்கிள் இடப்பக்கம் உரசிக்கொண்டு போனது. அதை அவள் சொல்லவில்லை, அவளே பார்க்கவில்லை. குதிரை உதறிக்கொண்டு நின்றது. பிறகு கழுத்தை முழுக்க வளைத்து, தெரிகிற கண்ணால், இவ்வளவு நேரம் பேசிக்கொண்டு வந்தது யார் என்று அவளைப் பார்த்தது.

"நான்தான்" என்றாள் அவள்.