எண்ணிக் காட்டச் சொன்னவர்

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு ஏஜெண்டு ஆபீஸில் நான் கிளார்க். அங்கே அண்ணாச்சி ஒருவர் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் உர மூட்டைகளைக் கணக்கெடுப்பவர். பூனைக்கண். வெயில் பட்டால் கறுக்காமல் சிவந்துபோகும் தோல். லோடுமேன்கள் 'வெள்ளைக்காரரே' என்று கூப்பிடுவார்கள். கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பார்.

எந்த வெளிநாட்டுக் கப்பல் வந்தாலும் மாலுமி ஒருவரைப் பிடித்து, விரல்விட்டு அஞ்சு வரை எண்ணிக் காட்டச் சொல்வார். கிறுக்கோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"எங்கப்பா கப்பல்காரர், தம்பி. பேரும் தெரியாது, நாடும் தெரியாது. பெருவிரல்ல ஆரம்பிச்சு எண்ணுவாராம். அம்மாவுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கிட்டு. சாகுற வரைக்கும் அப்படித்தான் எண்ணுனா."

"நாட்டைக் கண்டுபிடிச்சாச்சா அண்ணாச்சி?"

"எங்க? வாரவன்ல பாதிப்பேரு அப்படித்தான் எண்ணுதான்."

"நீங்க எப்படி எண்ணுவீங்க?"



"சின்னதுல நானும் அப்படித்தான். பள்ளிக்கூடத்துல, 'ஏலே, கப்பல்காரன் மவன் எண்ணுதான் பாரு'ன்னு சிரிச்சானுவ. மாத்திக்கிட்டேன்."

அதற்குள் கிரேன் அடுத்த கட்டு மூட்டைகளை இறக்கிவிட்டது. அவர் கையை உயர்த்தி எண்ணத் தொடங்கினார். நம் ஊரில் எல்லாரும் எண்ணுவதுபோல, சுண்டுவிரலிலிருந்துதான். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஐந்தாவது மூட்டைக்குத்தான் பெருவிரல் வந்தது.