மொட்டைத் தலையோடு முதல் இன்டர்வியூ

போன வருஷம், ஆடிக் கிருத்திகை முடிந்த வாரம். திருத்தணியில் எங்கள் வீட்டு ஹாலில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேன். முதல் சாஃப்ட்வேர் இன்டர்வியூ!

அதற்கு முன்பு ஏகப்பட்ட கம்பெனிகளுக்கு விண்ணப்பித்தும் பதிலே இல்லை. அரக்கோணத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்காரர், எனக்குப் பாவா, "ரெண்டு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ்னு போட்டுக்கோடா, எல்லாரும் அப்டித்தான் போட்டுகினு கீறாங்க" என்றார். நான் பொய் சொன்னால் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். பெரிய யோக்கியன் என்றெல்லாம் இல்லை, பயம்தான். 'அனுபவம் இல்லை' என்றே எழுதி அனுப்பினேன். ஒரே ஒரு கம்பெனி, வீடியோவில் பேசலாம் என்று கூப்பிட்டது.

உடனே அம்மாவுக்கு, நான் டிகிரி முடித்தால் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டது ஞாபகம் வந்துவிட்டது. "முருகனுக்குப் பாக்கி வெச்சிகினு வேல தேடினா எப்டிடா கெடைக்கும்?" கிருத்திகையன்று முடி போயிற்று, மீசையும் சேர்த்து.

திரையில் வந்த மேடம் என்னை உற்றுப் பார்த்தார். ரெஸ்யூமில் இருந்த படத்தையும் பார்த்தார். "இது நீங்க இல்லையே. யாருக்குப் பதிலா உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டேவிட்டார். காசு வாங்கிக்கொண்டு அடுத்தவருக்காக இன்டர்வியூவில் பேசித் தருபவர்கள் இருக்கிறார்களாம். பொய் சொல்லப் பயந்தவனுக்கா இந்தப் பெயர்! ஆதாரைக் காட்டினேன். ஆதார் படத்தில் யார்தான் தன்னைப் போல இருக்கிறார்கள்? அடுக்களையிலிருந்து அம்மா ஓடிவந்து, "எம் புள்ளதாம்மா! நாந்தான் மொட்ட போட்டுக் கூட்டியாந்தேன்" என்று என் சந்தனத் தலையைத் தடவிக் காட்டினார்.

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேள்விகளை ஆரம்பித்தார். முதலில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். டேட்டாபேஸ் பக்கம் போனதும், "தெரியாதுங்க மேடம்" என்றேன். அடுத்ததற்கும் அதேதான். அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"அடுத்தவங்களுக்காகப் பேச வந்த ஆள் இப்படித் தெரியாதுன்னு சொல்லவே மாட்டான். இது நீங்களேதான்! தெரிஞ்சதைத் தெளிவா சொல்றீங்க, மீதியை இங்க வந்து கத்துக்கலாம்."

வேலை கிடைத்தது! வீட்டில் ஒரே ஆட்டம் பாட்டம்.

இன்றும் ஆபீஸில் ஏதாவது புரியாவிட்டால் கூச்சப்படாமல் கேட்டுவிடுகிறேன். தெரியாது என்று சொல்வதால் யாரும் நம்மை மட்டமாக நினைப்பதில்லை, அதை வைத்துத்தான் நம்மை நம்பவே ஆரம்பிக்கிறார்கள் என்று அன்றைக்கே புரிந்துவிட்டது.