படத்துக்கு முன் ஈரத்துணி, பின் விபூதி

அக்கா இல்லாமல் ஒரு வருடம் ஓடிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். "நம்ம வூட்ல வாயாடி நீதான், நீயே எழுது" என்று மாமா சொல்லிவிட்டார். அக்காவின் கணவர் சொல்லைத் தட்ட முடியுமா? எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கம், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை விளையும் சின்னக் கிராமத்தில். நாங்கள் பள்ளியில் படிக்கும்போதே அப்பா காலமானார். அம்மா கூலிக்குக் களை எடுத்து எங்களை ஆளாக்கினார். அக்கா வேலூரில் எக்ஸ்ரே படிப்பு முடித்தார், மாமாவை மணந்து வேங்கிக்காலில் குடியேறினார். பெண்களின் மார்பகத்தைப் படம் எடுத்து, புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஊர் ஊராகப் போகும் வேனில் வேலைக்குச் சேர்ந்தவர், கடைசி வரை அதிலேயே இருந்தார்.

அந்த வேனில் பெண்களை ஏற்றுவது லேசுப்பட்ட காரியமா? கூச்சம், வலி, எல்லாவற்றுக்கும் மேலே கதிர்வீச்சு பயம். "இல்லாத நோவ அந்த மிஷினே இட்டாந்துடும்னு சொல்றாங்களே" என்பார்கள். அக்கா சிரிக்கமாட்டார்.

"பயப்படறது நியாயம்தாங்க. அதனாலதான் ரொம்ப கம்மியா வச்சி எடுக்கறோம். நல்லா அழுத்தினா கதிர் இன்னும் கம்மியா போதும், படமும் தெளிவா வரும். கொஞ்ச நேரம் பல்லக் கடிச்சிக்கோங்க."

ஒரு படத்தைத் திரும்ப எடுக்க நேர்ந்துவிட்டால், அன்று வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அடுத்தவர் உடம்பில் தேவையில்லாமல் கதிர் படக்கூடாது என்பதை விரதம் மாதிரி வைத்திருந்தார்.

அப்படிப்பட்டவருக்கு அடி அண்ணாமலையில் ஒரு சோதனை வந்தது. பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையோரம் வேன் நின்றது. வந்தவர்களில் பலருடைய படத்தில் வெள்ளைப் பொட்டுகள். புற்றுநோய் தொடங்கும்போது சிலருக்கு அப்படித்தான் சுண்ணாம்புப் பொட்டுகள் தெரியுமாம். திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பெண்கள் அழுதுகொண்டு நின்றார்கள். படங்களைப் பார்த்துச் சொல்லும் டாக்டரம்மாவும் அக்காவும் மண்டையைக் குடைந்து பார்த்ததில் விஷயம் புரிந்தது. எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றி, கழுத்து, நெஞ்சு என்று விபூதியை அள்ளிப் பூசி வந்தவர்கள். வியர்வையில் வழிந்து மார்பில் ஒட்டிய விபூதித் துகள்தான் படத்தில் நோய் வேஷம் போட்டிருந்தது.

துடைத்தால் போதும். ஆனால் அண்ணாமலையார் விபூதியைத் துடையுங்கள் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஓர் அம்மாள், "சாமி துன்னூறத் தொடச்சிட்டு எனக்கு எந்தப் படமும் வாணாம்மா" என்று வேனை விட்டு இறங்கியே போய்விட்டார்.

அடுத்த முறை போகும்போது அக்கா பூஜையறையிலிருந்து பித்தளைச் சம்புடத்தை எடுத்துக்கொண்டார். அது நிறைய விபூதி. அதே அம்மாளைத் தேடிப்போய்ப் பேசினார்.

"நெத்தியில இருக்கறது அப்படியே இருக்கட்டுங்க. கீழ மட்டும் நீங்களே ஈரத்துணியால ஒத்தி எடுங்க. அந்தத் தண்ணிய கால் படற எடத்துல ஊத்தமாட்டேன், செடிக்கு ஊத்திடறேன். படம் முடிஞ்சதும் நானே பூசி அனுப்பறேன். சாமி கோவிச்சிக்கினா என் மேல கோவிச்சிக்கட்டும்."

அந்த அம்மாள் ஏறினார். பின்னாலேயே அவர் தெருவும் ஏறியது. விபூதியால் திரும்ப எடுக்கும் தொல்லை அதோடு தீர்ந்தது.

பிறகு என் முறை. என்னை மட்டும் அக்காவே துடைத்தார். சின்ன வயதில் குளிப்பாட்டிய அதே முரட்டுக் கை. திரையில் படம் வந்தது. கறுப்பில் வெள்ளை வெள்ளையாக இழைகள். எனக்குள்ளே இவ்வளவு இருக்கிறதா என்று வாயைப் பிளந்து பார்த்தேன். ஒரு மூலையில், கடுகைவிடச் சின்னதாகச் சில பொட்டுகள்.

"துன்னூறா இருக்கும்க்கா. இன்னொரு வாட்டி எடுத்துப் பாரேன்" என்றேன்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான்தானே தொடச்சேன்" என்றார்.

அன்றே டாக்டரம்மாவிடம் அனுப்பினார். கையில் கட்டி தட்டுப்படும் முன்பே சிகிச்சை நடந்தது, பிழைத்தேன். கண்ணுக்கே தெரியாத ஒன்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது அந்தக் கருவி. அது விபூதி இல்லை என்று அடித்துச் சொன்னது அக்காவின் ஈரத்துணி. நினைக்க நினைக்க எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

என்னைக் காப்பாற்றியவரை அவருடைய இதயம் கைவிட்டது. கடைசி நாட்களில் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தபடி படுத்திருந்தார். "சம்புடத்துல விபூதி தீந்திருக்கும், பாத்து ரொப்பி வை" என்றார். என்னிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அக்காவைக் கண்போல் கவனித்த டாக்டரம்மாவுக்கும், வேளை தவறாமல் சோறு கொண்டுவந்த வேங்கிக்கால் அக்கம்பக்கத்தாருக்கும், தோள் கொடுத்த ஊர்க்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. வருகிற பௌர்ணமிக்கு வேன் அடி அண்ணாமலையில் நிற்கும். சாமி கும்பிட்டுவிட்டு, பூசிய விபூதியோடு தாராளமாக வாருங்கள். ஈரத்துணி இருக்கும். சம்புடத்தை ரொப்பி வைத்திருக்கிறேன். படம் முடிந்ததும் பூசிவிட நான் இருப்பேன்.