அக்காவின் கோல்களுக்குப் புது வளையம்

ஏழு வயதில் வந்த காய்ச்சல் ஒன்று அக்காவின் இடது காலை மெலிய வைத்துவிட்டுப் போயிருந்தது. வீட்டுக்குள்ளும் பள்ளிக்கூடத்துச் சீமெந்துத் தரையிலும் கைத்தடியோடு நன்றாகவே நடப்பாள். மணலில் இறங்கினால்தான் கஷ்டம். அரியாலையில் எங்கள் படலையைத் திறந்தால் மணல் ஒழுங்கை. அது போய் முடிவது ஆழமில்லாத பரவைக்கடலில். தடி ஒரு சாண் புதைந்துவிடும். அதைப் பிடுங்குவதற்குள் அவள் தடுமாறிவிடுவாள். அதனால் கூப்பிடு தூரத்திலிருந்த மிஷன் பள்ளிக்கூடத்துக்கும் அவள் மாட்டு வண்டியில்தான் போனாள். அங்கே அவள் தையல் டீச்சர். நான் கீழ்வகுப்புகளுக்குக் கணக்குப் படிப்பித்தேன்.

பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் இருந்த அமெரிக்க டீச்சர் ஊர் திரும்ப ஆயத்தமானபோது, சாமான் கட்ட உதவுவதற்கு நாங்கள் இருவரும் போனோம். அவரை எல்லோரும் மிசியம்மா என்போம். அலுமாரிக்குப் பின்னால் இரண்டு நீண்ட மூங்கில் கோல்கள் இருந்தன. மேலே கை நுழைக்க ஒரு தோல்வார், கீழே இரும்பு முனை. முனைக்கு நான்கு விரல் மேலே ஒரு பிரம்பு வளையம் முறிந்து தொங்கியது. அதைக் கோலோடு கட்டியிருந்த தோலை எலி தின்றிருந்தது.

"என் தேசத்து மலைகளில் வெண்பனி விழுந்து கிடக்கும். காலில் பலகை கட்டி அதன்மேல் சறுக்கிச் செல்வோம். அப்போது ஊன்றும் கோல்கள் இவை" என்றார் மிசியம்மா. பண்டிதரிடம் படித்த தமிழ் அவருடையது. கடைசிவரை அப்படியேதான் பேசினார்.

அக்கா வளையத்தைத் தடவிப் பார்த்தாள். "உந்த வளையம் என்னத்துக்கு?"

"பனியில் கோல் புதைந்து போகாதிருப்பதற்கு."

அக்கா கோலைத் தரையில் ஊன்றிப் பார்த்தாள். பிறகு, "அப்ப மணலிலை?" என்று கேட்டாள்.

மிசியம்மா கையிலிருந்த புத்தகத்தைப் பெட்டிமேல் வைத்தார். "பத்து வருடம் நீ மணலில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். இது எனக்குத் தோன்றவே இல்லையே" என்றார். அவருடைய முகம் சிவந்துவிட்டது. கோல்களைத் தாமே எங்கள் மாட்டு வண்டியில் ஏற்றிவிட்டார்.

வீட்டில் அம்மா பார்த்துவிட்டு, "உதென்ன, துணியில்லாத குடையோ?" என்றா.

தச்சர் கோல்களை அக்காவின் உயரத்துக்கு அறுத்து, முறிந்த வளையங்களுக்குப் பதிலாக வட்டப் பலகைகள் இரண்டைப் பொருத்தித் தந்தார். ஒழுங்கையின் காய்ந்த மணலில் அருமையாக இருந்தது. அக்கா மூலைவரை போய்த் திரும்பினாள். எனக்கு வாய்கொள்ளாத சிரிப்பு. அடுத்த சனிக்கிழமை கரைக்கே போவோம் என்று புறப்பட்டோம். ஈரச் சேற்றில் ஆறு அடி வைத்திருப்பாள். வலது கைக் கோல் வர மறுத்தது. அக்கா இழுத்தாள், முகம் குப்புற விழுந்தாள்.

நான் ஓடிப்போனேன். தூரத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா சேற்றில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, "என்னைத் தூக்காதை. முதல் அந்தக் கோலை இழு" என்றாள்.

இழுத்தேன். 'சளக்' என்று ஒரு சட்டிச் சேற்றோடு வந்தது.

"பாத்தியே? பலகையைச் சேறு உறிஞ்சிப் பிடிக்குது. சும்மா வளையமெண்டால் சேறு இடையாலை போயிடும். பிரம்பை வளைச்சுக் கட்டினவங்கள் விசரரே?" என்றாள். கன்னமெல்லாம் சேறு. அவள் கோபமாக இருந்தாளா சந்தோஷமாக இருந்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றே, உட்கார முடியாதபடி உடைந்துபோன சாய்மனைக் கதிரையிலிருந்து பிரம்பை உருவினாள். ஒரு பகல் முழுவதும் தண்ணீரில் ஊறவிட்டு, செம்பைச் சுற்றி வளைத்து, நுனிகளைச் சாய்வாகச் சீவிப் பொருத்தினாள். தோல் கிடைக்காததால் வளையத்தைக் கோலோடு தையல் நூலால் கட்டிக்கொண்டிருந்தபோது, எங்களுக்கு மீன் கொண்டுவருகிற குருநகர்ப் பெண் படலைக்குள் வந்தா.

"என்ன பிள்ளை, உது இறால் பிடிக்கிற சாமானோ?"

"இல்லை, நான் கரைக்கு நடந்து போறதுக்கு."

அவ தலையிலிருந்த மீன் கடகத்தை இறக்கி வைத்துவிட்டுக் கோலை வாங்கிப் பார்த்தா. "தையல் நூல் உப்புத்தண்ணியிலை ஒரு கிழமை நிக்காது. நான் வலை முடியிறனான் பிள்ளை. நாளைக்கு வலைநூல் கொண்டு வாறன்."

சொன்னபடி வந்தா. மரப்பட்டைச் சாயத்தில் ஊறிய முறுக்கு நூல். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் நான் மூங்கிலில் துளை போட்டேன். அவ அந்தத் துளைகளுக்குள்ளால் நூலைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி வளையத்தில் இழுத்து முடிந்தா. இரண்டாவது கோலை அக்காவையே கட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்து, "ஓம், இனி நான் தேவையில்லை" என்றா. அதற்குப் பிறகுதான் கடகத்தைத் திறந்து மீனைக் காட்டினா.

கடல் வற்றும் நேரம் பார்த்துக் கரைக்குப் போனோம். இந்த முறை விழுந்தால் பிடிப்பதற்கென்று நான் அக்காவுக்குப் பின்னால் ஒட்டியபடியே போனேன். கோல் ஊன்றிய இடமெல்லாம் வட்டமும் அதன் நடுவே ஒரு சிலுவையும் பதிந்தன. ஒவ்வொரு முறையும் கோல் சுலபமாக எழும்பியது. இருபது அடிக்குப் பிறகு அக்கா, "ஏன் மாட்டுக்கண்டு மாதிரிப் பின்னாலை வாறாய்? தள்ளிப் போ" என்றாள். தள்ளி நின்றேன். அவள் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டேயிருந்தாள்.

"தண்ணி சுடுகுதடி!" என்று அங்கிருந்து கத்தினாள்.

காய்ச்சலுக்குப் பிறகு அவள் கால் அந்தத் தண்ணீரைத் தொட்டதில்லை. முழங்கால் நனைய நின்றாள். பிறகு குனிந்து மட்டிச் சிப்பி பொறுக்கத் தொடங்கினாள். நானும் போய்ச் சேர்ந்தேன். சேலைத் தலைப்பு நிறைய மட்டியோடு நாங்கள் வீடு திரும்பியபோது மத்தியானச் சோறு ஆறிப்போயிருந்தது. அம்மா ஏசுவதற்காகவே படலையில் நின்றா. அக்காவின் நனைந்த சேலையைப் பார்த்தா. "அலம்பிப்போட்டு வாங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு உலையை மறுபடி வைத்தா.

திங்கட்கிழமை வண்டி வந்தபோது அக்கா வண்டிக்காரரைத் திருப்பி அனுப்பினாள். பள்ளிக்கூடம் வரை நடந்து போனோம். தையல் வகுப்புப் பிள்ளைகள் கோல்களைச் சுற்றி நின்றார்கள். அன்று ஒருத்தியும் ஊசி கோர்க்கவில்லை.

நூலையும் பிரம்பையும் உப்பு மெல்லத் தின்றுவிடும். ஒவ்வொரு வருடமும் மாரி தொடங்குமுன் அக்கா பழைய வளையங்களை வெட்டி எறிந்துவிட்டுப் புதியவை கட்டுவாள். அவள் கட்டும்போது நான் பக்கத்தில் பழந்தின்றுகொண்டு இருப்பேன். "பிடி, இழு, விடு" என்று எனக்குக் கட்டளைகள் வரும். என் கலியாணத்துக்குச் சிவப்பு நூலில் ஒரு சோடி கட்டினாள். பந்தலுக்குள் விரித்திருந்த கடல்மணலில் அவள் எங்கெல்லாம் போய் யார் யாரோடு கதைத்தாள் என்று அன்று பின்னேரம் வட்டங்களைப் பார்த்தே சொல்லக்கூடியதாக இருந்தது.