வீட்டுக்குப் போக மிச்சம் காருக்கு

தெருவில் எல்லோரும் அவளைக் காரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்தோரு வயதில் ஸ்டியரிங் பிடித்தவள். அதற்கு முன் பதினேழு வருஷம் ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டித் துடைத்தாள். வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். நுரையீரல் கெட்டு அவர் கட்டிலோடு ஆனபின், அவர் வாயால் சொல்லிக்கொடுக்க இவள் வண்டி பழகினாள். இப்போது ஒரு மின்சாரக் காரில் சிறுநீரக நோயாளிகளை டயாலிசிஸுக்குக் கொண்டுபோய் விட்டு, திரும்ப வீடு சேர்க்கிறாள். ஏறுகிறவருக்காக மனதுக்குள் ஒரு வேண்டுதல் வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பாள்.

வீட்டுக்காரருக்கு மூச்சே கட்டில் ஓரத்து ஆக்சிஜன் மெஷின்தான். கரண்டில் ஓடுவது. பகலில் நாத்தனார் துணைக்கு இருப்பாள். ஐந்து மணிக்கு அவள் தன் வேலைக்குக் கிளம்பிவிடுவாள். அந்த நேரத்தில்தான் காரக்கா பொதுச் சார்ஜிங் இடத்தில் வரிசையில் நிற்பாள். தினமும் ஒன்றரை மணி நேரம். போன மாதம் ஒரு நாள் அவள் திரும்பி வந்தபோது மூக்குக்குழாய் நழுவிக் கிடந்தது. அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. ஆண்டவன் காப்பாற்றினான். வீட்டிலேயே சார்ஜர் வைத்துவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

கடைக்காரர் என்ன கார் என்று மட்டும் கேட்டார். இருப்பதிலேயே வேகமானது எது என்று இவள் கேட்டாள். இரண்டு பேரும் வேறெதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. பெரிய பெட்டி ஒன்று வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் பெட்டியைத் தொடவே இல்லை. வாசலில் நின்றபடி காதைத் தீட்டினான்.

"உள்ள என்னக்கா ஓடுது?"

"எங்க வீட்டுக்காரரோட மூச்சு மெஷின் தம்பி."

அவன் மீட்டர் பலகையைத் திறந்து பார்த்தான். பிறகு கட்டிலருகே வந்தான். அவசரத்துக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரைப் பார்த்தான். "மாமா, கொஞ்ச நேரம் சிலிண்டர்ல இருக்கீங்களா? ஒரு சோதனை பண்ணணும்."

"பண்ணுப்பா. சோதனைக்குன்னே... பொறந்தவன்தான் நான்," என்றார் அவர், வாக்கியத்துக்கு நடுவில் மூச்சு வாங்கி.

காரக்கா குழாயைச் சிலிண்டருக்கு மாற்றினாள். மெஷினையும் ஓடவிட்டு, வாட்டர் ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், தண்ணி மோட்டார், ஃபேன் என்று வீட்டில் இருந்த அத்தனையையும் ஒரே நேரத்தில் போடச் சொன்னான். வீடு மில் மாதிரி இரைந்தது. மெயின் வயரை ஒரு மீட்டரால் கவ்விப் பார்த்தான்.

"வீடே இருபத்தஞ்சு ஆம்பியர் முழுங்குது. மெயின் தாங்குறது நாப்பது. இந்தப் பெரிய சார்ஜர் ஒண்ணே முப்பத்திரண்டு கேக்கும். ரெண்டும் சேர்ந்தா மெயின் விழுந்து வீட்டுல கரண்டே போயிடும். நீங்க அசந்து தூங்குறப்ப விழுந்தா?"

காரக்கா பிரிக்காத பெட்டியைப் பார்த்தாள். அவரோடு இருக்கத்தானே இதை வாங்கினாள்!

"காருக்கு வயிறு நெறையணும்னு... எனக்கு மூச்சை முட்ட வெக்கப் பாத்தியாடி?" என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப சார்ஜரே வேணாம் தம்பி. நான் வரிசையிலயே நின்னுக்கறேன்."

"அட, இருங்கக்கா. ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்?"

"எழுபது இருக்கும்."

"இதுக்குப் போயா இவ்வளவு பெருசு? சின்னதே நாலு மணி நேரத்துல ஏத்திடும். காலையில வரைக்கும் வண்டி சும்மாதானே நிக்கப்போகுது? மெயின்ல ஒரு சென்சாரும் மாட்டிடலாம். வீடு அதிகமா இழுத்தா, மொத்தம் முப்பத்தஞ்சைத் தாண்டாம கார் தானா குறைச்சுக்கும். வீட்டுக்குப் போக மிச்சம்தான் காருக்கு."

அங்கேயே நின்று கடைக்குப் போன் போட்டான். "மூச்சு மெஷின் இருக்கற வீடு சார். பெட்டியைப் பிரிக்கவே இல்ல. மாத்திக் குடுங்க," என்று மல்லுக்கு நின்றான். அந்தக் கடைக்காரரும் நல்ல மனுஷன். தான் கேட்காமல் விட்டது தப்புதான் என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் சின்னச் சார்ஜர் சுவரில் ஏறியது. மீட்டர் பலகையிலிருந்து அதற்குத் தனி வயர், தனி சுவிட்ச். காரைச் சொருகியபின் மறுபடியும் வீட்டில் இருந்த எல்லாவற்றையும் போட்டார்கள். காரக்கா சிலிண்டர் திருகில் கை வைத்தபடி, கண்ணை மூடி நின்றாள். மெஷின் சுதி மாறாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

"கண்ணைத் திறங்கக்கா. கார் ஒதுங்கி வழி விட்டுருச்சு, பாருங்க," என்று சார்ஜர் காட்டிய எண்ணைக் காட்டினான். பதினைந்திலிருந்து ஒன்பதுக்கு இறங்கியிருந்தது.

இரண்டு கையையும் கூப்பினாள்.

"ஐயோ, என்னக்கா இது! நான் என்ன பெருசா செஞ்சிட்டேன், உள்ள ஓடுனது காதுல விழுந்துச்சு, கேட்டேன்," என்று அவசர அவசரமாகச் சாமான்களைப் பையில் அள்ளிக்கொண்டு போய்விட்டான்.

மணி ஐந்தரை. ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஐந்து மணிக்கு மேல் பகல் வெளிச்சத்தில் இவர் முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! தாடி கண்டபடி மண்டிக் கிடந்தது. கிண்ணத்தில் வெந்நீரும் ரேசரும் எடுத்து வந்தாள். குழாயைக் கன்னத்திலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு நுரை தடவினாள்.

"கொஞ்சம் கன்னத்தை உப்புங்க."

"உப்ப மூச்சிருந்தா... நான் ஏண்டி இங்க படுத்திருக்கேன்?"

அவள் சிரித்துவிட்டாள். தோலை விரலால் இழுத்துப் பிடித்தாள். எலக்ட்ரீஷியனின் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்க வேண்டும் என்று வாய்க்குள் முணுமுணுத்தபடி, அவசரமே இல்லாமல் மழிக்கத் தொடங்கினாள்.