பூசைச் சந்தனம் இறுகிய ரைபிள்

ஆயுத பூசைக்கு எங்கள் வீட்டில் தையல் மிசின் முதல் அரிவாள்மணை வரை எல்லாத்துக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. அந்த வருசம் மகள் துப்பாக்கி சுடும் கிளப்பிலிருந்து பயிற்சிக்கு வாங்கி வந்திருந்த ஏர் ரைபிளும் வரிசையில் சேர்ந்தது. அதுக்கென்று என் வீட்டுக்காரர் தாராளமாகவே அப்பிவிட்டார். பூசை போட்டதை அன்றைக்குத் தொடக்கூடாது. சந்தனம் சாவகாசமாக உள்ளே இறங்கிக் காய்ந்தது.

மறுநாள் மகள் குண்டு போடாத ரைபிளில் ட்ரிகரை இழுத்தாள். போன ட்ரிகர் திரும்பி வரவில்லை.

ட்ரிகரைத் தாங்குவது குச்சி மாதிரி ஒரு சின்ன எஃகு பின். அதைச் சுற்றித்தான் சந்தனம் சிமெண்டாக இறுகியிருந்தது. கிளப்புக்கு லீவு, கோச் போனை எடுக்கவில்லை. விடிந்தால் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு.

"ஆணிய வச்சு ஒரு தட்டுத் தட்டுனா வந்துரும் புள்ள" என்றார் வீட்டுக்காரர்.

"தட்டுவீங்க. ஓட்டை அகண்டு போனா ட்ரிகர் ஆடும், ஆடுனா தானா நழுவி வெடிக்கும். அப்ப யாரு கன்னம் அதுமேல இருக்கும்?"

மனுசன் எடுத்த ஆணியைக் கீழே வைத்தார்.  

தையல் மிசினைப் பிரித்துப் பிரித்தே ரிப்பேர் படித்தவள் நான். ஆனால் மிசின் கெட்டால் துணிதான் கிழியும்.

குழலில் குண்டு இல்லையென்று மகள் பார்த்தாள். நானும் பார்த்தேன். அப்புறமும் குழலைச் சுவர்ப்பக்கமே திருப்பி வைத்தேன். ஈரப்பஞ்சால் சந்தனத்தை ஊறவைத்துத் துடைத்து, எண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் பொறுத்திருந்தேன். ஆணி எஃகு, பின்னையும் ஓட்டையையும் கீறிவிடும். விளக்குத் திரியைத் தூண்டும் பித்தளைக் குச்சி பின்னைவிட ஒரு நூல் மெலிசு. அதன் முனையை அம்மியில் தட்டையாகத் தேய்த்து, அடியில் மரக்கட்டை கொடுத்து, நேராக வைத்துத் தட்டினேன்.  குச்சி சாய்ந்தால் போச்சு.

"அம்மா, மூச்சு விடும்மா."

பின் நகர்ந்தது. வெளியே வந்ததும் துடைத்து நகத்தால் தடவிப் பார்த்தேன். கீறல் இல்லை. ஓட்டையையும் ட்ரிகரையும் சுத்தம் பண்ணி, ரைபிள் ஓட்டையும் ட்ரிகர் ஓட்டையும் ஒரே நேராக வரும்வரை ட்ரிகரை அசைத்துப் பிடித்து, பின்னை வந்த வழியிலேயே விரலால் உள்ளே தள்ளினேன். கடைசிக்கு மட்டும் குச்சியால் ஒரு மெல்லிய தட்டு. ட்ரிகர் போனது, வந்தது.

பயம் அதற்கப்புறம்தான் கூடியது. மாடியில், அவள் சுட்டுப் பழகும் மணல் மூட்டைக்கு நேராக, குண்டில்லாமல் நெம்பி இழுத்துச் சுடத் தயாராக வைத்து, ட்ரிகர் தானாக நழுவுகிறதா என்று ரைபிள் கட்டையின் பின்பக்கத்தை உள்ளங்கையால் தட்டினேன். நழுவவில்லை. ஓங்கித் தட்டினேன். நழுவவில்லை.

"குடும்மா, நான் பாத்துக்கிறேன்."

கொடுக்க மனசு வரவில்லை. குண்டைப் போடச் சொல்லி, வாழ்க்கையில் முதல் தடவையாக நானே அதில் கன்னத்தை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டுதான் இழுத்தேன். மணல் தெறித்தது. இன்னொன்று போடு என்றேன். அப்புறம் இன்னொன்று.

"குறியப் பாரு, கண்ண மூடியும் மூட்டை தப்பல" என்றார் வீட்டுக்காரர், படிக்கட்டிலிருந்து மேலே ஏறாமலே.

"போதும்மா. எனக்கும் குண்டு மிச்சம் வை" என்றாள் மகள்.

கொடுத்தேன். அவள் கன்னத்தை வைத்தாள். அந்த நேரம் சின்னதில் அவள் என் முந்தியைப் பிடித்ததுபோல் அவள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சத்தம் கேட்ட பிறகும் விடவில்லை.