மாணிக்கம் சாத்திய கதவு

போன செவ்வாய்க்கிழமை அண்ணனூர் ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றிருந்தேன். பழைய நர்சரியில் தண்ணீர் பாய்ச்சிய கோபால் என்னைப் பார்த்துவிட்டு அருகில் வந்தான். "மாணிக்கம் செத்துப் பூட்டாரு சார். நேத்து எடுத்துட்டோம்," என்றான். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வண்டிகள் போன பிறகும் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

பூந்தமல்லி நர்சரியில் எங்களோடு இருந்தவர்களுக்கு மாணிக்கத்தைத் தெரியும். சேக்காட்டுக்காரர், என் வயதுதான். வயல்கள் மனைகளானதும் கூலி வேலை போய் எங்களிடம் சேர்ந்தார். நான் சூப்பர்வைசர். பாலித்தீன் கொட்டகை ஒன்றில் குடைமிளகாய் போட்டிருந்தோம். பசுமைக்குடில் என்று பலகை மாட்டியிருந்தாலும் அது ஒட்டுப்போட்ட கொட்டகைதான். உள்ளே போனால் வெக்கை மூச்சை அடைக்கும்.

அதில் புழு பொறுக்குவது அவர் வேலை. கையில் சோப்புத் தண்ணீர் டப்பா இருக்கும். "கீழ எல மேல எச்சம் கீதா பாரு சார். அதுக்கு நேர் மேல ஆளு குந்தினு இருப்பான்," என்பார். நான் நாலு புழு எடுப்பதற்குள் அவர் ஒரு வரிசையை முடித்திருப்பார். கதவு விஷயத்தில் மகா கறார். "உள்ள வா, இல்ல வெளிய நில்லு. நடுவுல நின்னுகினு பூச்சிக்கு வழி வுடாத!" முதலாளியே ஒருநாள் இந்தத் திட்டை வாங்கியிருக்கிறார்.

நான் ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். ஆயுத பூஜைக்கு எந்த இயந்திரமும் பூவில்லாமல் இருக்கக் கூடாது எங்களுக்கு. அந்த வருஷம் மருந்தடிக்கும் பம்புக்குப் பொட்டு வைத்ததோடு நிற்காமல், ஆறு செண்டுமல்லித் தொட்டிகளைக் கொண்டுவந்து கொட்டகைக்குள் வரிசையாக வைத்தேன். பூஜை முடிந்தும் எடுக்கவில்லை, அழகாக இருந்தன. "பூவுல பூச்சி முட்டை கீதோ இன்னாவோ சார், வெளிய வெச்சுடலாம்," என்றார் மாணிக்கம். சாமிக்கு வைத்தது, ஒரு வாரம் இருக்கட்டும் என்று நான்தான் தடுத்தேன்.

அடுத்த வாரம் காய்க்குக் காய் ஓட்டை. பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே என்று பச்சைப் புழுக்கள். மூன்று நாள் விடிந்ததிலிருந்து இருவரும் பொறுக்கினோம். முதுகு நிமிரவில்லை. தொட்டிகளை அவர் அதற்குள் சத்தமில்லாமல் அப்புறப்படுத்தியிருந்தார். நாலாம் நாள் முதலாளி வந்து, யார் பொறுப்பு என்று கத்தினார். நான் புழு பொறுக்குகிற சாக்கில் செடிக்குள் குனிந்துகொண்டேன்.

"நாந்தான் சார். கதவ சாத்தாம வுட்டுட்டேன்," என்றார் மாணிக்கம்.

அன்றே அவரை நிறுத்திவிட்டார்கள். பின்னாலேயே ஓடினேன். "உன் ஊட்ல புள்ளத்தாச்சி கீது சார். எனக்கு இன்னா, எங்க போனாலும் மண்ணுதான்," என்றார். நாளைக்கு முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லவில்லை.

பிறகு முகப்பேரில் குடியிருப்பு கட்டுகிற இடத்தில் சித்தாள் வேலை பார்த்தார். ஒருமுறை பஸ்ஸில் பார்த்தேன். சட்டையெல்லாம் சிமெண்ட். "செடிங்கல்லாம் எப்டி கீது சார்?" என்று மட்டும் கேட்டார். நல்லா இருக்கு என்றேன்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஒரு பொய்தான். அதில்தான் நான் மேனேஜர் ஆனேன், என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். சுமந்து சுமந்து அலுத்துவிட்டது. அவரைத் தெரிந்த நீங்கள் இனி யாரும் அதை நம்ப வேண்டாம். மாணிக்கம் ஒருநாளும் கதவைத் திறந்து போட்டதில்லை. தொட்டிகளைக் கொண்டுவந்து வைத்தவன் நான்.